செவிச்செல்வர் ஆல்பிரட் லயன்

பாடுவோரையும் கருவி இசைப்போரையும் உலகம் நன்கறியும்; அவ்விசையைத் தட்டிற் பதித்து ஊர்தோறும் ஒலிக்கச் செய்தாரை அறிவார் சிலரே. ஆல்பிரட் லயன் என்பார் இசைவாணர் அல்லர். மேடையேறிப் பாடியவரும் அல்லர். கருவியொன்றைக் கையிலேந்திப் பெயர் பெற்றவரும் அல்லர். எனினும், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் வளர்ந்த ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் பெயரை விலக்கி எழுதுதல் இயலாது. நல்லிசை இஃது எனக் கேட்டறியும் செவியும், அறிந்ததனைப் பிறர்க்கும் அளித்தல் வேண்டும் என்னும் வேட்கையுமே அவர்தம் தொழிலுக்கு முதற்பொருளாய் அமைந்தன.

லயன் 1908-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 21-ஆம் நாள், ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில் யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். அவர் பதினேழு வயதினராய் இருந்த 1925-ஆம் ஆண்டில், சாம் உடிங் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் இசைக்குழு அந்நகருக்கு வந்தது. சறுக்காட்டம் ஆடும் விருப்பொடு சென்ற இளைஞர், அவ்விடத்தே இக்குழுவின் அறிவிப்பைக் கண்டு உள்ளே புகுந்தார் என்பர். புகுந்தவர் பழைய லயனாக வெளியே வந்திலர். அதுகாறும் அவர் கேட்டறியாத ஒரு தாளக்கட்டு அவர் நெஞ்சில் குடிபுகுந்தது.

அத்தாளம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாய்க் கொண்டுவரப்பெற்ற மக்களின் வழித்தோன்றல்கள், அமெரிக்கத் தென்பகுதியின் வயல்களிலும் தேவாலயங்களிலும் தம் துயரையும் நம்பிக்கையையும் பாட்டாகப் பாடிவந்தனர். அப்பாட்டு நகர்ப்புறம் அடைந்து, ஐரோப்பியக் கருவிகளைத் தழுவிக்கொண்டபோது ஜாஸ் தோன்றிற்று. எழுதி வைத்ததை எழுதியவாறே வாசித்தல் இதன் இயல்பன்று. இராகத்தின் எலும்புக்கூட்டை மட்டும் கொண்டு, கலைஞன் அவ்வப்போது தன் கற்பனையால் அதற்கு உயிரூட்டுவான். அதனால், நேற்று வாசித்தது இன்று வாராது. பதித்து வைத்தாலன்றி அது காற்றோடு போம். லயன் பின்னாளில் மேற்கொண்ட பணியின் அருமை இதனால் விளங்கும்.

அவ்விசை பிறந்த நாட்டைக் கண்ணாரக் காணவேண்டும் என்ற ஆவலால், இருபது வயதை ஒட்டிய பருவத்தில் லயன் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். கையிற் பொருளில்லை. துறைமுகத்திற் கூலிவேலை செய்தார், பூங்காவிற் படுத்துறங்கினார். அயல்நாட்டார் வந்து தம் வேலையைப் பறிக்கின்றனர் எனச் சினந்த உடன்தொழிலாளி ஒருவன் அவரைக் கடுமையாகத் தாக்கினான். மருத்துவமனையிற் கிடந்து உடல் தேறியவர், தாயகம் திரும்ப நேர்ந்தது. தாயகமோ அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. 1933-ஆம் ஆண்டில் இட்லர் ஆட்சிக்கு வரவே, யூதர்க்கு அந்நாடு நரகமாயிற்று. லயன் தம் அன்னையாருடன் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டை அடைந்து, சில்லாண்டு கழித்து மீண்டும் நியூயார்க்கைச் சேர்ந்தார்.

1938-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 23-ஆம் நாள், அந்நகரின் புகழ்மிக்க கார்னகி மண்டபத்தில் கறுப்பின மக்களின் இசைவிழா ஒன்று நிகழ்ந்தது. ஆங்கு ஆல்பர்ட் அம்மன்சு, மீட் லக்ஸ் லூயிஸ் என்னும் பியானோக் கலைஞர் இருவரின் வாசிப்பைக் கேட்டார் லயன். இடக்கை ஓயாது உருளும் சக்கரம் போல ஒரே தாளத்தைச் சுழற்றிக்கொண்டிருக்க, வலக்கை அதன்மேல் விளையாடும் ‘பூகி ஊகி’ என்னும் முறை அவர்களுடையது. இரண்டே வாரத்தில், 1939 சனவரி 6-ஆம் நாள், லயன் ஒலிப்பதிவுக் கூடமொன்றை வாடகைக்கு அமர்த்தி அவ்விருவரையும் வாசிக்கச் செய்தார். இருவரும் மாறிமாறி வாசித்தனர். அன்று பதித்தவற்றுள் சிலவற்றைத் தட்டாக்கி வெளியிட்டார். மாக்ஸ் மார்குலிஸ் என்னும் எழுத்தாளர் பொருளுதவி புரிந்தார். இங்ஙனம் தோன்றியதே ‘புளூ நோட்’ என்னும் இசைத்தட்டு நிறுவனம். அவ்விசையில் இயல்பான நிலையினின்று சற்றே தாழ்த்தி ஒலிக்கப்பெறும் சுரத்திற்கு அப்பெயர் வழங்கும். ஏக்கம் தோய்ந்த அச்சுரமே அவ்விசைக்கு உயிர்நிலை.

அவ்வாண்டு சூன் திங்களில் சிட்னி பெஷே என்னும் முதுபெருங்கலைஞர் ‘சம்மர்டைம்’ என்னும் மெட்டினைச் சாக்சபோனில் வாசிக்க, லயன் அதனைப் பதித்தார். பிற நிறுவனத்தார் அதனைப் பதிக்க முன்வரவில்லை. அந்நாளில் வழங்கிய பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே ஓடும். கலைஞரின் மூச்சை மூன்று நிமிடத்தில் நறுக்க லயனுக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டங்குலத் தட்டில் வெளியிட்டார். செலவு கூடிற்று, ஆயினும் தட்டு நன்கு விற்றது. புதிய நிறுவனம் காலூன்றிற்று.

அவ்வாண்டின் இறுதியில் அவருடைய இளமைத் தோழர் பிரான்சிஸ் உல்ப் என்பார் ஜெர்மனியினின்று தப்பி வந்து சேர்ந்தார். அவர் தேர்ந்த ஒளிப்படக் கலைஞர். லயன் பேச்சும் பரபரப்பும் மிக்கவர். உல்ப் அமைதியே உருவானவர். கணக்கும் கடிதமும் உல்பின் பொறுப்பு. கலைஞரைத் தேர்தலும் பதித்தலும் லயனின் பொறுப்பு. 1941-இல் லயன் படைப்பணிக்கு அழைக்கப்பெற்று, 1943-இல் மீண்டார். அதுகாறும் உல்ப் வேறொரு இசைத்தட்டுக் கடையிற் பணியாற்றிக்கொண்டே புளூ நோட்டு அணையாது காத்தார்.

போர் முடிந்த காலத்தில் ஜாஸ் இசை புதுவடிவம் எய்திற்று. பழமையை விரும்பிய லயன் அதனை உடனே ஏற்றாரல்லர். அயிக் கியூபெக் என்னும் சாக்சபோன் கலைஞர் புதியோரை அவருக்கு அறிமுகம் செய்தார். அவருள் ஒருவர் திலோனியஸ் மாங்க். அவர் பியானோ வாசிக்கும் முறை எவர்க்கும் புதிராய் இருந்தது. எதிர்பாரா இடத்தில் நிறுத்துவார். எதிர்பாராச் சுரத்தைத் தட்டுவார். லயன் அவ்விசையிற் சொக்கிப்போனார். 1947-ஆம் ஆண்டு அக்டோபர் முதலாகத் தட்டுக்குமேல் தட்டாகப் பதித்தார். அந்நாளில் லயனின் மனைவியாராய் இருந்த லொரெய்ன் அத்தட்டுகளைச் சுமந்துகொண்டு கடைகடையாய் ஏறி இறங்கினார். ஆர்லம் பகுதிக் கடைக்காரர் ஒருவர், அக்கலைஞருக்கு இரண்டும் இடக்கை போலும் என எள்ளி நகையாடினார். தட்டுகள் விற்கவில்லை. லயன் பதித்தலை நிறுத்தவும் இல்லை. 1952-ஆம் ஆண்டு வரை மாங்கின் இசையைப் புளூ நோட் வெளியிட்டு வந்தது. இழப்பு நேரும் என்பது தெரிந்தும், கேட்டது நன்று எனத் தம் செவி சொல்லின் அதற்குக் கட்டுப்படுதல் அவர் இயல்பு.

ஆனால், இழப்பை ஈடுசெய்ய எங்கேனும் வருவாய் வேண்டுமன்றோ? அவ்வருவாய் வந்த வழி வியப்பிற்குரியது. 1948-இல் நிமிடத்திற்கு முப்பத்து மூன்று சுற்றுச் சுற்றும் பெருந்தட்டும், அடுத்த ஆண்டில் நாற்பத்தைந்து சுற்றுச் சுற்றும் ஏழங்குலச் சிறுதட்டும் அமெரிக்காவில் வந்தன. பெருந்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்கு மேலும் ஓடும். அதனை வீட்டில் அமர்ந்து கேட்பர். சிறுதட்டின் பக்கம் நான்கைந்து நிமிடமே ஓடும். அதற்குரிய இடம் உணவகமும் மதுக்கடையும் முடிதிருத்தகமும் ஆம். அவ்விடங்களில் ‘ஜூக்பாக்ஸ்’ என்னும் பெரும்பெட்டி நிற்கும். காசு ஒன்றை இட்டு, விரும்பிய பாட்டுக்குரிய பொத்தானை அழுத்தினால், பெட்டி தானே அத்தட்டைத் தேர்ந்தெடுத்து ஒலிக்கும். உழைத்துக் களைத்து வரும் கறுப்பினத் தொழிலாளர்க்கு அப்பெட்டியே இசையரங்கு. பெருந்தட்டு வாங்க வகையற்றோரும் ஒரு காசு கொடுத்துத் தம் நெஞ்சுக்கினிய கலைஞனைக் கேட்கலாயினர். ஒரு தட்டு அப்பெட்டிகளில் இடம்பெற்றுவிட்டால் அந்நிறுவனத்திற்கு ஊதியம் வரும். அதனினும் மேலாக, அக்கலைஞனின் பெயர் தெருவெங்கும் பரவும்.

அச்சிறுதட்டுக்கு ஏற்றதோர் இசையும் அக்காலத்தே பிறந்தது. நாற்பதுகளின் புதிய ஜாஸ் விரைவும் நுட்பமும் மிக்கது. அதனைப் புரிந்துகொள்வதற்கே பயிற்சி வேண்டும். ஐம்பதுகளில் இளங்கலைஞர் சிலர், அந்நுட்பத்தைக் கைவிடாமல், அதனோடு தேவாலயப் பாட்டின் உருக்கத்தையும் ‘புளூஸ்’ என்னும் துயர்ப்பாட்டின் அழுத்தத்தையும் சேர்த்தனர். இவ்வகைக்கு ‘ஹார்டு பாப்’ என்று பெயர் வந்தது. அதனினும் எளிதாய்க் காலைத் தாளமிடச் செய்யும் வகை ‘சோல் ஜாஸ்’ எனப்பெற்றது. சோல் என்பது ஆன்மா. முரசு முழக்குவதில் வல்லவராகிய ஆர்ட் பிளேக்கியும், பியானோக் கலைஞராகிய ஹொரேஸ் சில்வரும் இம்முறைக்கு முன்னோடிகள்.

1955-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சில்வர், ‘தி பிரீச்சர்’ எனத் தாம் அமைத்த மெட்டொன்றைப் பதிக்க விரும்பினார். பிரீச்சர் என்பார் சமயப் போதகர். அம்மெட்டும் கோயிலில் பலர் கைகொட்டிப் பாடும் பாட்டுப் போன்றது. லயனுக்கு அது பிடிக்கவில்லை. பழங்காலத் தெரு வாத்தியம் போல் இருக்கின்றது. இதனை விட்டுவிடுக என்றார். பணம் முடக்குவோர் அவர்; பதிவுக்கூட வாடகை கொடுப்போரும் அவரே. இருபத்தாறு வயதுச் சில்வர் என் செய்வார்? அவர் பணிந்திலர். அப்பாட்டு வேண்டாவெனின், அதற்கு ஈடாக வேறொன்றை எழுதும் வரையில் இப்பதிவே நிற்கட்டும் என்றார். பிளேக்கியும் அவர் பக்கம் நின்றார். லயன் சற்றே எண்ணிப் பார்த்து, இசைந்தார். அப்பாட்டுச் சிறுதட்டாக வெளிவந்து ஜூக்பாக்ஸ் தோறும் ஒலித்தது. சில்வருக்குப் பெரும்பெயர் தேடித் தந்தது. முதலாளியின் சொல்லே முடிந்த முடிபாய் இருந்த அந்நாளைய தொழிலில், தாம் வெறுத்த ஒன்றையும் கலைஞனின் சொல்லுக்காகப் பதித்த லயனின் பண்பு, மாங்கின் இசையை விடாது பதித்த உறுதியினும் பெரிது என்பது எம் கருத்து.

பதிவு நிகழும் முறையிலும் அவர் பிறரினும் வேறுபட்டவர். பெரும்பாலான சிறு நிறுவனத்தார் கலைஞரை நேரே கூடத்திற்கு அழைத்து, தெரிந்த பாட்டை வாசிக்கச் செய்து, சில மணி நேரத்தில் அனுப்பிவிடுவர். லயனோ பதிவுக்கு முன் ஓரிரு நாள் ஒத்திகை நடத்துவார், ஒத்திகைக்கும் ஊதியம் கொடுப்பார், உணவும் வரவழைப்பார். புதிய மெட்டுகளையே கேட்பார். இசை சரியான நடையிற் பொருந்திவிட்டால், லயனும் உல்பும் தம்மை மறந்து ஆடத் தொடங்குவர். அவ்வாட்டம் அழகானது என எவரும் சொன்னாரில்லை. ஆனால், அதைக் கண்டதும், நல்ல பதிவு கிடைத்துவிட்டது எனக் கலைஞர் அறிந்துகொள்வர்.

ஒலிப்பதிவு வல்லுநர் ரூடி வான் கெல்டர் அவருக்குக் கிடைத்ததும் செவியின் பயனே. வேறொருவர் பதித்து வைத்திருந்த இசையொன்றை லயன் விலைக்கு வாங்கினார். அதன் ஒலித்தெளிவில் மயங்கி, இவ்வாறே எனக்கும் பதித்துத் தருக எனத் தம் வழக்கமான வல்லுநரிடம் கேட்டார். என்னால் இயலாது, இதனைச் செய்தவரிடமே செல்க என்று அவர் கைகாட்டிவிட்டார். நேர்மையான மனிதர்! செய்தவரோ பகலிற் கண்ணாடிக்காகக் கண் சோதிப்பவர். நியூசெர்சி மாநிலத்து ஹாக்கென்சாக் என்னும் ஊரில், தம் பெற்றோர் வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவு செய்துவந்தார். 1953 முதல் புளூ நோட்டின் தட்டுகள் பெரும்பாலும் அம்முன்னறையிலேயே உருவாயின. 1959-இல் வான் கெல்டர் அதற்கெனவே உயர்ந்த கூரையுடைய கூடமொன்று கட்டினார். உல்ப் எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு, 1956 முதல் ரீட் மைல்ஸ் என்பார் தட்டுறைகளை வடிவமைத்தார். அவருக்கு ஜாஸில் விருப்பமில்லை. எனினும் அவ்வுறைகளை இன்றும் ஓவியம் போற் போற்றுகின்றனர்.

1956-இன் தொடக்கத்தில் ஆர்லத்து இசைக்கூடம் ஒன்றில் ஜிம்மி ஸ்மித் என்பவரை லயனும் உல்பும் கேட்டனர். அவர் கருவி மின்னால் இயங்கும் ஹாமண்ட் ஆர்கன். கைகள் மேலே மெட்டமைக்க, கால்கள் கீழே மந்தரம் மிதிக்க, தனியொருவர் ஒரு குழுவாய் முழங்கினார். தேவாலயங்களில் ஒலித்த அக்கருவியை ஜாஸ் இசைக்கு முதன்மைக் கருவியாக்கியவர் அவரே. லயன் உடனே பதித்தார். ஸ்மித்தின் சிறுதட்டுகள் ஜூக்பாக்ஸ்களில் விடாது சுழன்றன. அவற்றின் வருவாய் நிறுவனத்தைப் பல்லாண்டு தாங்கிற்று.

1958 அக்டோபர் 30-இல் பிளேக்கியின் குழு ‘மோனின்’ என்னும் பாட்டைப் பதித்தது. சமயப் போதகர் மனையில் வளர்ந்த பாபி டிம்மன்சு என்னும் பியானோக் கலைஞர், இரு பாட்டுகளின் இடைவெளியில் எட்டுத் தாள அளவுள்ள ஒரு மெட்டை விளையாட்டாக வாசித்துக்கொண்டிருப்பார். குழுவின் சாக்சபோன் கலைஞர் பென்னி கோல்சன் அதனைக் கேட்டு, நடுப்பகுதி ஒன்று சேர்த்து முழுப்பாட்டாக்குக என வற்புறுத்தினார். பியானோ ஓரடி சொல்ல, ஊதுகருவிகள் இரண்டு சுரத்தால் ஆமாம் எனத் தலையசைப்பது போல் விடை சொல்லும். போதகர் ஒரு சொல் சொல்ல, சபையார் எதிரொலிப்பது அவ்வாறே. அப்பாட்டு ஒன்பதரை நிமிடம் ஓடுவது. சிறுதட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது. ஆதலின், முற்பாதியை ஒரு பக்கத்திலும் பிற்பாதியை மறுபக்கத்திலும் பதித்து வெளியிட்டனர். இசைவாணன் கற்பனை பெருகி வருங்கால் பாட்டை இரண்டாய் வெட்டுதல் அழகன்று என்பார் உளர். வெட்டியதனாலன்றோ அது மதுக்கடை மூலை வரையிற் சென்றது!

இங்ஙனம் சிறுதட்டுகள் ஈட்டிய பொருளை லயன் மாளிகை கட்டச் செலவிட்டாரல்லர். ஆண்ட்ரூ ஹில் என்னும் பியானோக் கலைஞரின் இசை கடினமானது, வாங்குவோர் சிலர். 1963 முதல் லயன் அவர் இசையைத் தொடர்ந்து பதித்தார். 1966-இல் சிசில் டெய்லர் என்பவரின் இசை பதிக்கப்பெற்றது. அதற்குத் தாளம் போட முயல்வார் தோற்பர். தமக்கு நிறைவு தராத பதிவுகளையும், வெளியிடக் காலம் வாய்க்காத பதிவுகளையும் லயன் அழித்திலர். பெட்டியில் வைத்துக் காத்தார். அவர் ஓய்வு பெற்ற பின்னரும் அவை பல்லாண்டு வெளிவந்துகொண்டிருந்தன.

1963 திசம்பர் 21-இல் லீ மார்கன் என்னும் இருபத்தைந்து வயது டிரம்பெட் கலைஞர் பதிவுக்கூடம் வந்தார். இளமையிலேயே பேர் பெற்று, போதைப் பழக்கத்தால் நிலைகுலைந்து, இரண்டாண்டுக் காலம் அரங்கை விட்டு ஒதுங்கியிருந்து மீண்டவர் அவர். அன்று பதித்த ‘தி சைட்வைண்டர்’ பத்து நிமிடத்திற்கு மேல் ஓடும் பாட்டு. லயன் அதனிடத்தே பெருவிற்பனையை எதிர்பார்த்தாரில்லை. பெருந்தட்டில் நாலாயிரம் படிகளே முதற்கண் அச்சிட்டார். அவை சில நாளில் தீர்ந்தன. இருபாதியாய்ப் பிரித்த சிறுதட்டும் நாடெங்கும் ஒலித்தது. பொதுமக்கள் விரும்பும் எல்லாவகை இசைக்கும் பொதுவான விற்பனைப் பட்டியலிற் பெருந்தட்டு 25-ஆம் இடத்தை எட்டிற்று. சிறுதட்டு 81-ஆம் இடம் பெற்றது. புளூ நோட் அதற்கு முன் அத்தகைய வெற்றி கண்டதில்லை. அடுத்து வந்தது சில்வரின் ‘சாங் பார் மை பாதர்’. கேப் வெர்டித் தீவினின்று வந்து குடியேறிய தம் தந்தையாரை நினைந்து அவர் அமைத்த பாட்டு அது. அதுவும் பெருவெற்றி பெற்றது.

வெற்றி வந்ததே, இனிக் குறையென்ன என்று எண்ணுவோம். குறை அங்கேதான் தொடங்கிற்று. தட்டை அச்சிடும் ஆலைக்கு நிறுவனம் உடனே பணம் கட்டவேண்டும். தட்டை வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் இடைநிலை வணிகரோ, விற்ற தட்டுக்குப் பணத்தைத் தாழ்த்தே கொடுப்பர். ஆயிரம் விற்கையில் தாங்கக்கூடிய அச்சுமை, பல்லாயிரம் விற்கையில் மலையாயிற்று. அன்றியும், இதே போன்ற பாட்டு இன்னொன்று தருக. தந்தால் பழைய பாக்கியும் வரும் என அவ்வணிகர் நெருக்கலாயினர். அதன் பின்னர்ப் பல பெருந்தட்டுகளின் முதற்பாட்டு, சைட்வைண்டரின் நடையிலேயே அமைந்திருத்தலைக் கேட்போர் உணர்வர். கலைஞனைக் கேட்டு நடந்த செவி, கடைக்காரனையும் கேட்கும் நிலைக்கு ஆளாயிற்று. லயனின் நெஞ்சமோ உழைப்பால் நோயுற்றிருந்தது. 1965-இல் புளூ நோட் நிறுவனம் லிபர்ட்டி என்னும் பெருநிறுவனத்திற்கு விற்கப்பெற்றது. பிறர் கட்டளைக்குட்பட்டு அவரால் நெடுநாள் இருக்கக்கூடவில்லை. 1967-இல் விலகினார். உல்ப் மட்டும் தொடர்ந்து பணிபுரிந்து, 1971 மார்ச்சுத் திங்களில் காலமானார்.

விலகிய லயன், மனைவியார் ரூத்துடன் மெக்சிக்கோ நாட்டிலும், பின்னர்க் கலிபோர்னியாவிலும் ஒதுங்கி வாழ்ந்தார். அவர் இருக்குமிடம் அறிந்தோர் மிகச் சிலர். புளூ நோட்டும் எழுபதுகளின் இறுதியிற் புதுப்பதிவு இன்றி ஒடுங்கிற்று. 1985-இல் அதற்குப் புத்துயிர் அளித்தோர், பிப்பிரவரி 22-ஆம் நாள் நியூயார்க்கு நகர மண்டபத்தில் இசைவிழா எடுத்து, எழுபத்தாறு வயது லயனை விருந்தினராய் அழைத்தனர். பிளேக்கி முரசு முழக்கினார். ஜூக்பாக்ஸ் தோறும் ஒலித்த ஜிம்மி ஸ்மித் அன்றும் ஆர்கன் வாசித்தார். எந்த ஜூக்பாக்ஸிலும் இடம் பெறாத சிசில் டெய்லரும் அதே மேடையில் தனியராய்ப் பியானோ வாசித்தார். லயன் இருவரையும் கேட்டிருந்தார். ஈராண்டு கழித்து, 1987 பிப்பிரவரி 2-ஆம் நாள், கலிபோர்னியாவில் அவர் உயிர் பிரிந்தது.